சுவரில் இல்லாத ஸ்டாவெர்லி

எங்கள் குடும்பத்தாருக்குக் காது கொஞ்சம் பெரிது, இன்ஸ்பெக்டர். மாடிப்படி ஓரத்து ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். வரைந்தவர்கள் எல்லோரும் முடியை இழுத்துவிட்டு மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், முடியவில்லை.

நான் அகஸ்டா ஸ்டாவெர்லி. திருமணமாகாதவள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இருவர். ஒருவருக்குத் தன் பாட்டனார் யாரென்று தெரியவில்லை. மற்றவருக்குத் தெரிந்திருந்தது, அது இன்னும் மோசம். ஆகவே எங்கள் வம்சாவளியோடு குடும்பம் நடத்தினேன்.

நூலகத்தின் வடக்குச் சுவர் முழுக்க ஓர் ஓக் மரம் தீட்டச் செய்து, இலைக்கு ஒரு பெயராக எழுதியது நான்தான். வேரில் இருப்பவர் இங்கிலாந்தைப் பிடிக்க வந்த நார்மன் படையோடு கப்பலேறி வந்த வீரர். உண்மையில் அவர் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியவர். உள்நாட்டுப் போரின்போது வைக்கோலுக்குள் ஒளிந்திருந்த ஒருவரை ‘பின்புறக் காவலில் நின்றார்’ என்று எழுதினேன். பொய்யில்லை. பின்புறத்தில்தான் இருந்தார்.

என் அண்ணன் ஹியூ இருபது வயதில் கொல்லன் மகளோடு ஆஸ்திரேலியாவுக்கு ஓடிப்போனார். அவர் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றார் அப்பா. சுவரில் ‘குழந்தைப் பருவத்தில் அம்மை கண்டு இறந்தார்’ என்று எழுதினேன். அம்மை என் சொந்தக் கற்பனை. அப்பாவுக்குப் பின் மூத்த மகனுக்குப் போகவேண்டிய சர் பட்டம் தம்பி லயனலுக்கு வந்தது. மறுத்துப் பேசக்கூடியவர்களும் ஒவ்வொருவராக நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், வெயிலில் கறுத்த முகத்தோடு ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் காதுகளைப் பார்த்ததும் எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

“அத்தை, நான் வில்ஃப்ரெட். ஹியூவோட மகன்” என்றார்.

நூலகத்துக்கு அழைத்துப் போனேன். சுவரைப் படித்துவிட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அம்மையா? போன வருஷம் சாகுற வரைக்கும் எங்கப்பா ஒரு வேளைக்கு அரை ஆடு சாப்பிட்டாரு அத்தை!”

“உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டேன்.

“வீடு, நிலம், பட்டம் ஒண்ணும் வேணாம். பட்டத்த வச்சு ஆட்டுக்கு முடி வெட்ட முடியுமா? எனக்குப் பொண்டாட்டி பிள்ளையும் கிடையாது. அவரு பேரு மட்டும் சரியா இருக்கணும். உங்களப் பத்தி நிறைய சொல்லுவாரு. ஓடிப்போன அன்னைக்கு அகஸ்டாதான் பின்கதவத் தொறந்துவிட்டான்னு.”

அது உண்மைதான். அதையும் நான் சுவரில் எழுதவில்லை.

அன்று மாலை லயனல் தேநீரைக் குடிக்காமல் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். “அக்கா, இவன் வாயத் தொறந்தா நான் சர் லயனல் இல்லையா? வெறும் லயனலா?”

“தேநீரைக் குடி” என்றேன்.

லயனலுக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் வெறும் லயனலாகவே பொருத்தமாக இருப்பான். ஆனால் அந்த ஓர் இலையைத் திருத்தினால், பின்புறக் காவலையும் நார்மன் வீரரையும் யார் நம்பப்போகிறார்கள்? மாவட்டமே சிரிக்கும். நான் பிறரைப் பார்த்துச் சிரித்தே பழகியவள்.

ஏரி உறைந்திருந்தது. அதன் நடுத்தீவில் எங்கள் குடும்பக் கல்லறைகள் இருக்கின்றன. அடியில் ஊற்றுள்ள இடத்தில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும். தோட்டக்காரர் கிரிம்ஷா அதைச் சுற்றி எச்சரிக்கையாகக் காய்ந்த கிளைகளை நட்டுவைப்பார். காலையில் போய் அவற்றைப் பிடுங்கினேன். இந்த வயதில் குனிந்து நிமிர்வது சிரமம்தான். ஆனால் என் எடை ஒரு கோழியின் எடை. பனிக்கட்டி புகார் சொல்லவில்லை.

“உன் தாத்தாவைப் பார்க்க வேண்டாமா?” என்று வில்ஃப்ரெட்டை அழைத்தேன். அவர் உறைந்த நீரை அதுவரை பார்த்ததே இல்லை. குழந்தையைப் போலக் காலால் தட்டிப் பார்த்தார்.

“இது தாங்குமா அத்தை?”

“ஸ்டாவெர்லிகள் எப்போதும் இந்த வழியாகத்தான் நடந்திருக்கிறார்கள்” என்றேன்.

அவர் விழுந்தபோது நான் சற்றுப் பின்னால், கெட்டியான இடத்தில் நின்றிருந்தேன். “அத்தை, கம்ப நீட்டுங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நீட்டிவிடுவேன் என்று நம்பித்தான் சொன்னார். என் கைத்தடி நீளமானது. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்குப் போனேன். முட்டை ஆறிப்போயிருந்தது.

நேற்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பை வாசித்தார். ஆஸ்திரேலியக் காலனியிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர், பனிக்கட்டியின் இயல்பு தெரியாமல், தன் கவனக்குறைவால் இறந்தார். எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அதோடு சும்மா இருந்திருந்தால், உங்களை இங்கே வரவழைத்திருக்க மாட்டேன்; இந்தத் தேநீரையும் நீங்கள் குடிக்க வேண்டியிருக்காது.

இன்று காலை ஏணியில் ஏறி, அவர் கேட்டபடியே ஹியூவின் இலையைத் திருத்தினேன்; மாவட்டம் சிரித்தால் சிரிக்கட்டும். அதன் கீழே ‘சர் வில்ஃப்ரெட்’ என்று எழுதினேன். முறைப்படி அவர்தான் சர். அவர் போனதால்தான் லயனல் இப்போது உண்மையிலேயே சர் லயனல். அந்தக் கிளை முதல்முறையாகச் சரியாக இருக்கிறது. ஆனால் இறந்த விதத்தை எழுதும் இடத்தில் கை நின்றுவிட்டது. கவனக்குறைவு என்ற சொல் அந்தச் சுவரில் எங்குமே இல்லை. ஒருவருக்குத் தம்பி விஷம் வைத்தார். ஒருவரை மருமகன் வேட்டையில் மான் என்று சொல்லிச் சுட்டார். ஒருவர் முகத்தில் மனைவி தலையணையை அழுத்தினார். எங்களில் யாரும் கால் தவறிச் செத்ததில்லை.

ஆகவே தீர்ப்பைத் திருத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். என் அண்ணன் மகனைக் கொன்றது நான்தான். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. யாரோ ஒரு விருந்தாளியைப் போல அவனைச் சாகவிட எனக்கு மனம் வரவில்லை.