டைரக்டர் உட்கார்ந்த நாற்காலி

— உட்கார்ந்துட்டாரா? உங்க லேப் டைரக்டரேவா?

— அவரேதான், வத்சலா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள ஜம்முனு உட்கார்ந்துட்டார்.

— ஏன்னா, உட்காரத்தானே நாற்காலி?

— இது வேற நாற்காலிடி. பஸ் சீட் பண்றதுக்காகக் கண்ணாடி நாரும் ரெசின்ங்கற பிசினும் சேர்த்துச் செஞ்சது. வழுவழுன்னு இருக்கற கண்ணாடிமேல ரெசின் ஒட்டிண்ட மாதிரி பாவலா பண்ணும், தண்ணி பட்டா விட்டுடும். நடுவுல சிலேன்னு ஒரு மருந்தைப் பூசினா, ரெண்டையும் கெட்டியாப் பிடிச்சுக்கும். ஒரு நாற்காலியில பூசினேன், இன்னொண்ணுல பூசலை.

— அதுக்குத்தான் ஒரு மாசமா ரெண்டையும் நம்ம பாத்ரூம்ல ஊறப் போட்டேளா? டெல்லி லக்ஷ்மிபாய் நகர்லயே நாற்காலிக்கு நடுவுல குளிச்ச குடும்பம் நம்மளோடதுதான்.

— மணல் மூட்டையை ஏத்தி, எது உடையறதுன்னு மினிஸ்ட்ரிக்காராளுக்குக் காட்டலாம்னு இருந்தேன்.

— அவர் எதுல உட்கார்ந்தார்?

— பூசாததுல.

— ஐயையோ!

— கிர்ருனு ஒரு சத்தம். அப்பறம் பார்த்தா டைரக்டர் தரையில. மினிஸ்ட்ரிக்காரா எல்லாரும் எழுந்து நின்னுட்டா.

— நீங்க கை குடுத்துத் தூக்கினேளோ?

— இல்லை. 'ஆஸ் யூ கேன் ஸீ'ன்னு லெக்சரை ஆரம்பிச்சுட்டேன்.

— ராமா! போச்சு, புரமோஷனும் போச்சு, க்வார்ட்டர்ஸும் போச்சு. யாரோ கதவைத் தட்டறா, பாருங்கோ.

— வத்சலா... வாசல்ல அவர் கார் நிக்கறது.

— வே சேஷன்! உள்ள வரலாமா?

— வாங்கோ சார், உட்காருங்கோ... இல்லை, வந்து...

— நிக்கேன் வே. உட்கார முடியல.

— சார், முன்னாடியே சொல்லாதது என் தப்புதான். வேற ஊருக்கு மாத்தினாலும் போறேன்.

— அட, நீரு வேற! மினிஸ்ட்ரிக்காரன் அசந்துட்டான். 'டைரக்டர் ஸாபே விழுந்துல்லா காட்டுதாரு'ன்னு நெனைச்சுட்டான். நீரு போன பொறவு, மருந்து பூசின அடுத்ததுல ரெண்டு ரெண்டு பேரா ஏறிக் குதிச்சானுவ, அசையவே இல்ல. உம்ம சீட்டு பாஸ்.

— சார்!

— இரும், நான் வந்த சோலி வேற. தங்கச்சி, ஒரு காபி கிடைக்குமா?

— இதோ கொண்டுவரேன் சார்.

— அவுங்க உள்ள போயாச்சா? கிட்ட வாரும், மெள்ளச் சொல்லுதேன். என் மாமனார் ஊர்லேருந்து வாரார், கோடை முழுக்க இருப்பாராம். அந்தப் பூசாத நாற்காலி இன்னொண்ணு செஞ்சு தர முடியுமா?