காலி வீடு

சித்தி வைக்கும் மீன் குழம்பு நன்றாக இருக்கும், ஐயா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சிம்மக்கல் வீட்டுக்குப் போனால், எனக்கென்று தலைத்துண்டை எடுத்து வைத்திருப்பார். அவர்மேல் எனக்குப் பகை கிடையாது. அது விளங்கட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் மிஷன் பள்ளியில் குமாஸ்தா. என் தாயார் இறந்தபின் அப்பா இந்த ஞானம் சித்தியை இரண்டாந்தாரமாகக் கட்டினார். முப்பத்தாறாம் வருஷம் அப்பாவும் போனார். வீடு எனக்கு, சித்தி உயிரோடு இருக்கும்வரை அதில் குடியிருக்கலாம் என்று உயில். வரியை யார் கட்டுவது என்று அப்பா எழுதவில்லை. நல்லவர்கள் இப்படித்தான், பாரத்தை அடுத்தவன் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் பழங்காநத்தத்தில் வாடகைக்கு இருந்தேன். மனைவி, நாலு பிள்ளைகள், ஒரே அறை. என் வீட்டில் அவர் இருப்பார். அதற்கு நான் வரி கட்டவேண்டும். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

சித்தியிடமே கேட்டேன். "வீடு உன்னதுதானே தம்பி? கண்ணை மூடுற வரைக்கும் ஒதுங்கியிருக்கேன். எங்கிட்ட எம்புட்டு இருக்கு, சொல்லு" என்றார். குடியிருப்பவர்தான் கட்டவேண்டும் என்றார் வக்கீல் ஆரோக்கியநாதன். நகரசபையிலோ, "அதையெல்லாம் உங்களுக்குள்ள பேசிக்கங்க. எங்களுக்கு, வீடு யார் பேர்ல இருக்கோ அவருதான்" என்றார்கள். பாக்கி ஏறியது. ஜப்தி நோட்டீஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஆள் இல்லாத வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி உண்டென்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். மனு கொடுத்தேன்.

சித்தியிடம் எதையும் மறைக்கவில்லை. அதிகாரி பார்வையிட வரும்போது பின்கட்டு அறைக்குள் சத்தமில்லாமல் இருக்கவேண்டும், அவர் போனதும் திறந்துவிடுவேன் என்றேன். சித்திக்கு அன்று காய்ச்சல்.

"பொய்யில்லையாப்பா இது?"

"நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது சித்தி."

"சரி. உனக்குன்னு நான் என்னத்தச் செஞ்சிருக்கேன்" என்று ஒரு செம்புத் தண்ணீரோடு அவராகவே உள்ளே போனார். கட்டிலையும் பாத்திரங்களையும் அதே அறைக்குள் தள்ளினேன். சந்திலிருந்து பார்த்தால் தெரியும் என்பதால் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். கதவைப் பூட்டினேன். அக்கம்பக்கத்தில் சித்தி திண்டுக்கல்லுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். சித்திரை மாதம், ஐயா. நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும்.

அன்று அதிகாரி வரவில்லை. நகரசபையில் கேட்டால் நாளைக்கு என்றார்கள். திறந்துவிட்டால் சித்தி முற்றத்துக்கு வருவார், பக்கத்து வீட்டில் பார்ப்பார்கள், மனு வீணாகும். சாயங்காலம் கதவருகே போனேன்.

"தம்பி, தண்ணி தீந்துபோச்சு. மூச்சு முட்டுது. சித்த நேரம் திறந்துவிடேன்."

"அதிகாரி தெருமுனையில வாராரு சித்தி. சத்தம் போடாதீங்க."

யாரும் வரவில்லை. ஆனால் சித்தி பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் எப்போதுமே சொன்னால் கேட்பவர்.

மறுநாளும் அதிகாரி வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தேன். கதவை உள்ளிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியாருக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தோடு தட்டுவதுபோல இருந்தது. இருட்டியபின் அதுவும் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாள் காலையில் அதிகாரி வந்தார். கூடத்தைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். "அந்த ரூம்ல?" என்றார். "பழைய சாமான் சார்" என்றேன். காலி என்று எழுதிக்கொண்டார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

பிறகு பூட்டைத் திறந்தேன். சித்தி கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தார். காய்ச்சலோடு அவருக்கு இருமலும் இருந்தது. அது வெளியே கேட்கக்கூடாதென்று அடைத்திருக்கிறார்.

முந்தின இரவே உயிர் போயிருக்கும் என்கிறார் டாக்டர். நான்தான் பூட்டினேன். தண்ணீர் கேட்டும் கொடுக்கவில்லை. என்னால்தான் செத்தார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொய் மனு கொடுத்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம், ஐயா. அதிகாரி வந்து பார்த்தபோது அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.