கீழ்வீட்டுச் சூடு

— சாக்கு எல்லாம் அப்புறம் சொல்லுங்க வில்ஃப், முதல்ல கோட்டை எடுத்து மாட்டுங்க. பதினோரு மணிக்கு நூலகத்துல கவுன்சிலர் ஹெஸ்லாப் மனு வாங்க உக்காருறாரு. நம்ம தெருவுல இருந்து இருபத்திரெண்டு அம்மாங்க வர்றாங்க. உள்ளூர் ரேடியோக்காரன் வேற மைக்கைத் தூக்கிட்டு வர்றான்! கோஷம் போட ஆள் வேணும். அது நீங்கதான்.

— நானா? கண்ணு கீலி, எனக்கு எழுபத்திநாலு வயசு. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டித் தேஞ்ச முட்டி. இந்த மாடிப்படியை இறங்கறதுக்குள்ளயே ரெண்டு ஸ்டாப்புல நின்னு ஆள் ஏத்திக்கிட்டுதான் போவேன்.

— போன வருஷம் நவம்பர்ல, பென்ஷன்காரங்களோட குளிர்கால ஹீட்டர் பணத்தை அரசாங்கம் வெட்டினப்போ, இதே முட்டி ஆத்துப்பாலம் வரைக்கும் நடந்துச்சே? தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனீங்களே? பின்னாடியே ஆறு வாரக் குழந்தையைத் தள்ளுவண்டியில போட்டுக்கிட்டு வந்தது யாரு?

— நீதான். மறக்கல. நம்ம ஐவி என்னைவிட நல்லாவே கத்தினா.

— பலன் கிடைச்சுதா இல்லையா? இந்தக் குளிருக்குத் திரும்பக் குடுத்துட்டாங்களா இல்லையா?

— குடுத்தாங்க. இருநூறு பவுண்டு.

— அப்போ இது எங்க முறை! அறுபத்தாறு தாண்டினவங்களுக்குத்தான் குளிருமா? பதினாலு மாசக் குழந்தைக்கு என்ன, உடம்பெல்லாம் ரோமமா முளைச்சிருக்கு? ஐவி, மூக்கைப் பிடிச்சு இழுக்காதே, அவருக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்.

— இழுக்கட்டும் விடு. நீ சொல்றது நியாயம்தான். இல்லைன்னு நான் எப்போ சொன்னேன்?

— உங்களுக்குக் கேக்காமலே பேங்குல வந்து விழுது. நான் முதியோர் இல்லத்துல உங்க வயசு ஆளுங்களுக்கெல்லாம் கம்பளி போர்த்தி, ஹீட்டரை இருபத்துமூணு டிகிரியில வெச்சுட்டு, வீட்டுக்கு வந்து, காசு போட்டாத்தான் ஓடற என் கார்டு மீட்டர் முன்னாடி கும்பிடு போடாத குறையா நிக்கிறேன். இன்னிக்கு ஒரு மணி நேரமா, ஒன்றரை மணி நேரமான்னு. நான் கட்டுற வரியிலதானே உங்களுக்கு வருது?

— நானும் ஒரு காலத்துல வரி கட்டினவன்தான் கண்ணு.

— கட்டினீங்க. ஆனா உங்க காலத்துல பஸ் ஓட்டின சம்பளத்துல இந்த வீட்டையே வாங்கிட்டீங்க! நான் இதுக்குக் கீழ அதே அளவு வீட்டுக்குப் பாதிச் சம்பளத்தை வாடகையாக் கட்டறேன். கூரையில இருந்து பூஞ்சை இலவசம்.

— பூஞ்சை மேலயும் இருக்கு. ஆனா என்னோடது சொந்தப் பூஞ்சை. அதுல ஒரு பெருமை உண்டு.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கணும். ரேடியோ இருக்கு. விஷயம் என்னன்னா, வில்ஃப், இனிமே நாங்க கெஞ்ச வேண்டியதே இல்லை. கவுன்சில் ஒத்துக்கிட்டாச்சு! என்கிட்ட ஆதாரம் இருக்கு!

— ஆதாரமா? என்ன ஆதாரம்?

— போன செவ்வாய்க்கிழமை என் கதவு இடுக்குல ஒரு பழுப்புக் கவர் கெடந்துது. உள்ள இருநூறு பவுண்டு! பத்து நோட்டு, ஒவ்வொண்ணும் இருபது பவுண்டு. ஒரு கடுதாசி. "குளிர்கால வெப்ப உதவி, இளம் குடும்பங்கள் பிரிவு." இப்படி ஒரு பிரிவு இருக்குன்னே யாருக்கும் தெரியாது!

— இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே?

— உங்ககிட்ட சொன்னா "சின்னவங்களுக்கு எதுக்கு"ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்குவீங்களோன்னு நெனச்சேன். பிரையனிகிட்ட மட்டும்தான் சொன்னேன்.

— பதினாலாம் நம்பர் பிரையனி? அவகிட்ட சொல்றதும் பேப்பர்ல விளம்பரம் குடுக்கிறதும் ஒண்ணுதானே அம்மாடி!

— அதேதான்! பிரையனி குழந்தைங்க விளையாடுற கூடத்துல சொல்லிட்டா. சாயங்காலத்துக்குள்ள தெருவே, "எங்க கவர் எங்கே?"ன்னு கேட்டு கவுன்சில் ஆபீசுக்குப் போன் மேல போன். அவங்க "அப்படி ஒண்ணும் இல்லை"ன்னு மழுப்புறாங்க. பாத்தீங்களா அநியாயத்தை? குடுத்துட்டு மறைக்கிறாங்க! அதான் இன்னிக்கு மைக்குக்கு முன்னாடி கவரைத் தூக்கிக் காட்டப் போறேன்.

— வேண்டாம்.

— என்ன வேண்டாம்?

— தூக்கிக் காட்டாதே. அதாவது... வெளியில டைன் ஆத்துக் காத்து, குழந்தைக்கு ஆகாது. சூடா டீ போடறேன், காலையில வாங்கின ஸ்டாட்டி ரொட்டி இருக்கு. உக்காரு.

— வில்ஃப்! இருபத்திரெண்டு பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க!

— நான் என்ன சொல்றேன்னா, அரசாங்கம் எங்கேயாவது நோட்டா எண்ணிக் கவர்ல போட்டுத் தருமா? கொஞ்சம் யோசி. அதுவும் கடைசி வரியில அவ்வளவு பெரிய எழுத்துல "யாரிடமும் சொல்ல வேண்டாம்"னு போட்டிருக்கும்போது...

— கடைசி வரியா?

— ...ம்?

— கடைசி வரியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.

— அரசாங்கக் கடுதாசி எல்லாத்துலயும் அப்படி ஒரு வரி இருக்கும் கண்ணு. வழக்கம்.

— அப்படியா? எங்க, உங்களுக்கு வந்த கடுதாசியைக் காட்டுங்க பாப்போம்.

— அதைப் புறாக் கூண்டுக்கு அடியில விரிச்சுட்டேன்.

— வில்ஃப்.

— சொல்லு.

— அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டர் எது?

— எந்தச் சுவத்துல? ஓ, அதுவா. எங்க புறாப் பந்தயச் சங்கத்தோடது. நான்தான் செயலாளர். சும்மா ஒரு பேருக்கு.

— அதுல ஒரு வட்ட முத்திரை இருக்கு. நடுவுல குண்டா ஒரு பறவை.

— அது குண்டு இல்லை. பந்தயப் புறா. தசை.

— என் கவர்லயும் இதே பறவைதான் இருக்கு. நான் கழுகுன்னு நெனச்சேன். கவுன்சில் சின்னம்னு நெனச்சு ஐவியோட போட்டோ பக்கத்துல குத்தி வெச்சிருந்தேன்!

— முத்திரை இல்லைன்னா நம்ப மாட்டியேன்னு பாத்தேன். வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான்.

— யோவ் வில்ஃப்!

— குழந்தை பயப்படுது.

— குழந்தை சிரிக்குது! நான்தான் பயந்துபோயிருக்கேன்! எனக்கு எதுக்குய்யா பிச்சை போட்டீங்க? நான் எப்போ கேட்டேன்? மீட்டர்ல காசு இல்லாதப்போகூட உங்க கதவைத் தட்டினேனா?

— தட்டலை. அதுதான் பிரச்சினை. இப்படி உக்காரு. உக்காரும்மா. அது பிச்சை இல்லை. டிக்கெட் காசு.

— எதுக்கு டிக்கெட்?

— என் கால் பக்கத்துல இருக்கே ஹீட்டர், அதைத் தொட்டுப் பாரு.

— ஜில்லுன்னு இருக்கு.

— மூணு குளிர்காலமா அதைத் திருகவே இல்லை. அறைக்குள்ள வந்ததும் நீ ஸ்வெட்டரைக் கழட்டினே இல்ல? நான் டிசம்பர்ல பனியனோட உக்காந்திருக்கேன் இல்ல? எப்படின்னு நெனச்சே? வைராக்கியமா?

— வயசானவங்க இருபத்துநாலு மணி நேரமும் ஓட விடுவாங்கன்னு...

— சூடு மேல ஏறும் கண்ணு. நீ குழந்தைக்குப் போடற சூடு, உன் கூரை வழியா வந்து என் தரையில நிக்குது. இந்தக் கார்பெட்ல வெறுங்காலோட நடந்து பாரு, கடற்கரை மணல் மாதிரி இருக்கும். முப்பத்தோரு வருஷம் டிக்கெட் இல்லாம ஏறினவனையெல்லாம் நடுவழியில இறக்கி விட்டவன் நான். இப்போ மூணு வருஷமா ஒரு பொம்பளப் புள்ள வண்டியில ஓசியில போயிட்டிருக்கேன்.

— கடவுளே.

— போன பிப்ரவரியில ஒரு வாரம் என் கால் ஜில்லுன்னு ஆயிடுச்சு. உன் மீட்டர்ல காசு தீந்து போச்சுன்னு உனக்கு முன்னாடி என் பாதத்துக்குத்தான் தெரியும். கீழ நாலு மாசக் குழந்தை. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ரெண்டு ஜோடி காலுறை போட்டுக்கிட்டேன். அவ்வளவுதான். படியிறங்கி வந்து கதவைத் தட்டலை. தட்டினா இதையெல்லாம் சொல்லணுமே.

— அந்த வாரம் ஐவியை என் கோட்டுக்குள்ள போட்டுக்கிட்டுத் தூங்கினேன்.

— தெரியும். அழுற சத்தமும் மேலதான் ஏறும்.

— ஐவி, இங்க வா. அம்மா மடிக்கு வா.

— இந்தத் தடவை பணம் திரும்ப வந்ததும் கடுதாசியைப் படிச்சேன். "வீட்டில் எரியும் எரிபொருளுக்கு"ன்னு போட்டிருந்துது. எரியறது யார் வீட்டுல? பாலம் வரைக்கும் போய்க் கோஷம் போட்டு வாங்கினது, என் வீட்டுல எரியாத ஹீட்டருக்கு. நேரா உன் கையில குடுத்தா மூஞ்சியில விட்டெறிவே. அதான் அரசாங்கம் மாதிரி வேஷம் போட்டேன். நல்ல காரியம் பண்ணும்போது அரசாங்கத்தை யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு நெனச்சேன். ஆனா நீ ஒருத்தி நன்றி சொல்லிட்டுப் போகாம, இருபத்திரெண்டு பேரைத் திரட்டிக்கிட்டு வந்து நிக்கறே!

— நீங்க கத்துறதைப் பாத்துத்தானே கத்துக்கிட்டேன்! ஐயோ, மணி பத்தே முக்கால்! இப்போ நான் போய் என்ன சொல்றது? என்னை நம்பி லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. நடு ரேடியோவுல, "இல்லீங்க, இது மேல்வீட்டுக்காரரு புறா முத்திரை குத்தினது"ன்னா, ஊரே சிரிக்கும். இனிமே குழந்தைக்குக் குளிருதுன்னு நான் வாயைத் திறந்தாலே கழுகு எங்கேன்னு கேப்பாங்க!

— நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்.

— நீங்களா?

— அந்தக் கோட்டை எடு. அது இல்லை, நீலம். ரேடியோவுலதான் வரப்போகுதுன்னாலும் நல்ல கோட்டு போட்டுக்கணும். மைக்கைக் குடுத்தா மொத்தக் கதையையும் சொல்றேன். கால் ஜில்லுன்னு ஆனது உட்பட. திருட்டு அரசாங்க முத்திரைக்கு என்ன தண்டனை? ஜெயில்ல ஹீட்டர் இலவசம்னு கேள்வி.

— உங்க சங்கத்துல சிரிப்பாங்க வில்ஃப். ஓசிச் சூட்டுல உக்காந்துக்கிட்டு ஊர்வலம் போனவன்னு காலம் பூராவும் சொல்லிக் காட்டுவாங்க.

— சொல்லட்டும். உண்மைதானே. சிரிக்கிறதுக்காவது ஒரு உபயோகம் ஆகட்டும். என் பேச்சைக் கேட்டுட்டு கவுன்சிலர் வெக்கப்பட்டு ஏதாவது குடுத்தாலும் குடுப்பாரு.

— குடுக்கலைன்னா?

— அடுத்த வருஷமும் புறா பறந்து வரும். இப்போ கையைக் குடு, படி இறங்கணும். ஐவியை இந்தப் பக்கம் வெச்சுக்கோ.

— மெதுவா. கீழ யாரோ கதவைப் போட்டு இடிக்கிறாங்க. ஐயோ, பிரையனி! என்னடி, மூச்சு வாங்குது? அங்க வரிசையில நிக்கச் சொன்னேன் இல்ல?

— கீலி! வில்ஃப்! ரேடியோ கேக்கலையா ரெண்டு பேரும்? எல்லாம் முடிஞ்சு போச்சு!

— பிரையனி, ஒரு நிமிஷம். நான் உங்க எல்லாருக்கும் ஒரு உண்மையைச் சொல்லணும். வில்ஃப்பும் சொல்லணும். அந்தக் கவர்...

— கவரைப் பத்தித்தான்டி சொல்ல வர்றேன்! ரேடியோக்காரனும் ஹெஸ்லாப்பும் சீக்கிரமே வந்துட்டாங்க, நாங்க எல்லாரும் சுத்தி நின்னு கவரைப் பத்திக் கேட்டோம், ஹெஸ்லாப்புக்கு வேர்த்து வழிஞ்சுது. அப்புறம் தொண்டையைக் கனைச்சுட்டு, நேரலையில, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாரு: அது தன்னோட திட்டம்தானாம், இந்தத் தெருவுல ஒரு வீட்டுல சோதனை பண்ணிப் பாத்தாராம், அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற எல்லா வீட்டுக்கும் திங்கக்கிழமையில இருந்து உண்டாம், விடியக்காலைப் பனியில தானே நடந்து வந்து அந்த முதல் கவரை உன் கதவுல போட்டாராம்!