வராந்தாவில் நடந்தது

உமர்: இவ்ளோ இறுக்கிக் கட்டாத வஜீ, இடுப்பு நோவுது.

வஜீஹா: தளர்த்தினா பெட்டி ஆடும் மச்சான். நீங்க ஆடுறதத்தான் அது பதியணும். அது ஆடுறத இல்ல.

உமர்: இன்னாது, நான் ஆடறேனா?

வஜீஹா: நடக்கிறப்ப எல்லாரும்தான் ஆடுவாங்க. அந்தக் காலையும் நீட்டுங்க. கணுக்கால்ல ஒண்ணு ஒண்ணு கட்டணும்.

உமர்: கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் பொண்டாட்டி காலப் பிடிக்கிறா. அதுவும் ஞாயித்துக்கிழமை, அவ வேலை பாக்கற காலேஜ்ல, ஆளே இல்லாத லேப்ல. இதுக்கு அடையாறு வரைக்கும் வரவேண்டியதாப் போச்சு.

வஜீஹா: வாய் மட்டும் நேராப் போவுது.

உமர்: அப்ப காலு?

வஜீஹா: ...வராந்தா அந்தக் கோடி வரைக்கும் போயித் திரும்பி வாங்க. உங்க கடையில நடக்கிற மாதிரியே.

உமர்: தி.நகர்ல எங்கடி நடக்கிறது? தீபாவளிக் கூட்டம். ஜனம் தள்ளிக்கினு போவுது, நாமளும் போறோம். ருக்சாரையும் கூட்டியாந்திருக்கலாம், அப்பன் மிஷினு கட்டிக்கினு நடக்கிறதப் பாத்து சிரிச்சிருப்பா.

வஜீஹா: அவ எங்கம்மா வீட்லயே இருக்கட்டும். போங்க.

உமர்: இந்த வயரு தடுக்காதா?

வஜீஹா: தடுக்காது. ...திரும்புறப்ப மெதுவா. சுவத்தப் பிடிக்காதீங்க.

உமர்: பிடிக்கல. சும்மா தொட்டேன்.

வஜீஹா: தொடவும் வேணாம்.

உமர்: போதுமா? கழட்டு. உன் ஆராய்ச்சிக்கு நோய்நொடி இல்லாத ஆளு ஒருத்தர் வேணும், நோயாளிங்களோட ஒப்பிட்டுப் பாக்கணும்னியே. கிடைச்சானா?

வஜீஹா: இருங்க. கம்ப்யூட்டர்ல ஏறட்டும்.

உமர்: அதுல இன்னா தெரியும்?

வஜீஹா: கால் தரையில விழறப்பல்லாம் கோடு எகிறும். மேல இருக்கிறது இடது, கீழ வலது. சரியா நடந்தா மாத்தி மாத்தி, ஒரே சீரா எகிறும்.

உமர்: இதுல அப்படி வரலியே.

வஜீஹா: இருங்க, வயரச் சரிபார்க்கிறேன்.

உமர்: சொல்லு. மிஷினு கெட்டுப்போச்சா?

வஜீஹா: காலையில நானே கட்டிட்டு நடந்தேன். சரியா வந்துச்சு.

உமர்: அப்ப செருப்புதான்...

வஜீஹா: வெறுங்காலோடதான் நடந்தீங்க மச்சான்.

உமர்: சரி கழட்டு, வீட்டுக்குப் போவலாம்.

வஜீஹா: ஸ்கூட்டர் எங்க?

உமர்: நாகராஜ் ஒர்க்‌ஷாப்ல. கிளட்ச் போச்சுன்னேனே.

வஜீஹா: நேத்து நாகராஜைப் பார்த்தேன். வண்டியில ஒண்ணுமே இல்லியாம். எடுத்துட்டுப் போங்கன்னா வரவே மாட்டேங்கறீங்களாம்.

உமர்: ...விழுந்துட்டேன் வஜீ. சாந்தோம் சர்ச்சுக்கிட்ட. ஒருத்தனும் இடிக்கல. வண்டிய நிறுத்தலாம்னு காலை ஊன்றேன்... காலு வேற எங்கியோ போச்சு.

வஜீஹா: எப்ப?

உமர்: ரம்ஜானுக்கு முன்னாடி.

வஜீஹா: அவ்ளோ நாளாவா! டாக்டர்கிட்ட...

உமர்: போனேன். மூக்கத் தொடு, விரலத் தொடுன்னாரு. அப்புறம் என்னப் பெத்த அத்தாவப் பத்திக் கேட்டாரு.

வஜீஹா: உங்க அத்தாவுக்கு வாதம்னுதானே சொன்னீங்க?

உமர்: வெளிய அப்படித்தான் சொல்லிக்கினோம். வாதமில்ல. இதே நடைதான். திருவல்லிக்கேணியில அவரு தெருவுல வந்தா, பாய் காலங்காத்தாலயே ஏத்திக்கினாருன்னு சிரிப்பாங்க. ஒரு சொட்டு தொட்டதில்ல அந்த மனுஷன். தொழுகையில பக்கத்துல நின்னவன்லாம் தள்ளித் தள்ளி நின்னான். கடைசியில படுக்கையாயிட்டாரு. பேச்சு கொழகொழன்னு ஆயி... எனக்கு மட்டும்தான் புரியும்.

வஜீஹா: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி.

உமர்: சொல்லியிருந்தா வந்திருப்பியா?

வஜீஹா: ...தெரியல.

உமர்: எனக்கும் தெரியல. அதான் சொல்லல.

வஜீஹா: டாக்டர் வேற என்ன சொன்னாரு?

உமர்: வழிவழியா வர்றதாம். நிறுத்த மருந்து கிடையாதாம். பெத்த பிள்ளைங்களுக்குப் பாதிக்குப் பாதி வரலாம்னாரு.

வஜீஹா: யா அல்லாஹ்! பாதிக்குப் பாதியா?

உமர்: அழாத. எனக்கு வந்தது வந்துட்டுப் போவட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ருக்சாருக்கு ஒன்பது வயசு. ஓடறா, பாண்டி ஆடறா. இந்தப் பெட்டிய அவ இடுப்புல கட்டிடாத. தெரிஞ்சுக்கினு நாம இன்னா பண்ணப் போறோம்? ஓடற வரைக்கும் ஓடட்டும்.

வஜீஹா: மச்சான்...

உமர்: கட்ட மாட்டேன்னு வாக்குக் குடு.

வஜீஹா: நீங்க கடையே கதின்னு இருக்கீங்க, கவனிக்கல. அவ பாண்டி ஆடுறத விட்டு ரெண்டு மாசமாச்சு. கட்டத்துக்குள்ள கால் விழ மாட்டேங்குதாம், கூட ஆடுறதுங்க சிரிக்குதாம்.

உமர்: வஜீ...

வஜீஹா: முதல்ல அவளுக்குத்தான் கட்டினேன் மச்சான், போன வாரமே. அவ கோட்டப் பார்த்த அப்புறம்தான் உங்கள நடக்கச் சொன்னேன்.