டீக்கனின் தொண்டையில் மஞ்சள்

மேடையில் வியர்த்தபடி அமர்ந்திருக்கும் பாஸ்டர் அவர்களே, ஒக்காலா பாம்பு வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர் மெர்ல் ஸ்டக்கி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அண்ணன் ராய்ஸ் அவர்களே, பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் கொண்டுவந்து பின்னால் அடுக்கியிருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் ஹோயிட்டின் வணக்கம்.

இந்தச் சங்கத்தில் ஒரே பார்வையில் பாம்பின் நிறத்துக்குப் பேர் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். ஓடும் லாரியிலிருந்தே சொல்லியிருக்கிறேன். ஜார்ஜியாவில் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டார்கள், அப்போதும் சொன்னேன். அப்பேர்ப்பட்ட நானே, சாம்பல் நிறம் என்று வந்துவிட்டால் என் அண்ணி, நம் சங்கத் தலைவி, ஆர்டித் கல்பெப்பர் அம்மையாரைத்தான் கூப்பிடுவேன்.

ஏன்? நாம் வளர்க்கும் சோளப்பாம்பு சாதாரணமாகச் சிவப்பு; அபூர்வமாக வரும் சாம்பல் இரண்டு வகை. ஒன்று அனெரி, மற்றது சார்கோல். குட்டியில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வளர்ந்தால் அனெரிக்குத் தொண்டையில் மஞ்சள் ஏறும், சார்கோலுக்குப் பெரும்பாலும் ஏறாது. அந்த மஞ்சளைப் பார்க்க அண்ணி என்றைக்காவது ட்யூப்லைட்டை நம்பியதுண்டா? பின்வாசல் நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய்த்தான் பார்ப்பார். ஒரு தடவை புயலில் அப்படிப் போனோம். பக்கத்து வீட்டுக் கூரை எங்கள் தலைக்கு மேலே பறந்தது.

"ஹோயிட், கொஞ்சம் தள்ளு, வெளிச்சத்த மறைக்கிற" என்றார். கூரையை அவர் கவனிக்கவே இல்லை.

அவர் வளர்த்த சார்கோல் வம்சம் இங்கே பாதிப் பேர் வீட்டில் இருக்கிறது. அதன் மூலபுருஷன் டீக்கன் என்ற ஆண் பாம்பு. போன வசந்தத்தில் மெர்ல் டீக்கனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஆர்டித், தொண்டையில மஞ்சள் தெரியுது. இது அனெரி."

"கண்ணாடியத் தொடைச்சிட்டுப் பாரு."

"தொடைச்சிட்டுத்தான் பாத்தேன். தப்பான பேருல வித்துட்ட."

அந்தப் பேரை நம்பித்தானே நீங்கள் ஜோடி சேர்த்தீர்கள்? பேர் தப்பென்றால் உங்கள் வீட்டுக் குட்டிகளின் பேரும் தப்புதானே? அண்ணி அன்று சாப்பிடவில்லை. பிறகு மெர்ல் வீட்டுக்கே போய் நின்றார்.

"உன்கிட்ட இருக்கிற பொட்டை அனெரியக் குடு. டீக்கனோட சேப்போம். ரெண்டும் வேற வேற சாம்பல்னா குட்டிங்க சாதாரணமா, சிவப்போட பொறக்கும். ஒரே சாம்பல்னா குட்டியும் சாம்பல்தான். அப்ப தப்பு என்மேல. வாங்கின ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணிச் சொல்றேன்."

மெர்ல் எடுத்துக் கொடுத்தார். முட்டைகள் அடைகாப்புப் பெட்டியில் இருக்கும்போதே அண்ணியின் இதயம் நின்றுவிட்டது.

இன்று காலை முதல் முட்டை கிழிந்தது. அண்ணனும் மெர்லும் நானும் குனிந்து நின்றோம். ஈரத்தோடு ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"சிவப்புத் தெரியுதாடா?" என்றார் அண்ணன். அடக்கத்துக்குப் பிறகு அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

சாதாரணக் குட்டியும் பிறந்த அன்று சாம்பல் பூசினமாதிரிதான் இருக்கும். முதல் தோல் உரிக்கும்வரை யாரும் பேர் சொல்லக்கூடாது என்பது அண்ணி இந்தச் சங்கத்துக்குப் போட்ட சட்டம். மெர்ல் தரையைப் பார்த்தார். அண்ணன் என் வாயையே பார்த்தார். எத்தனை பாம்புக்குப் பேர் சொன்ன வாய் இது? "தெரியுதுண்ணா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இன்னும் தோல் உரிக்கலண்ணா" என்றேன்.

அன்பர்களே, அண்ணியின் நினைவுக் கூட்டத்தில் நின்று சொல்கிறேன், எனக்கு நிம்மதி இல்லை. அந்தக் குட்டியின் கழுத்தில் நான் என்ன பார்த்தேன் என்று கோழி தின்னும்போது யாரும் கேட்காதீர்கள். உரிக்கட்டும். பின்வாசல் நிழலில் எல்லோருமாகப் பார்ப்போம். சிவப்பென்றால் தப்பு தன்மேல்தான் என்று மெர்ல் இதே மேடையில் ஏறிச் சொல்வார், கையடித்து வாக்குக் கொடுத்திருக்கிறார். சாம்பலென்றால் அண்ணி சொன்னதை நாங்கள் செய்வோம். அண்ணியின் போனிலிருந்துதான் அண்ணன் உங்களைக் கூப்பிடுவார், நான் பக்கத்தில் நிற்பேன்.

உங்கள் போனில் ஆர்டித் என்று பேர் வரும். பயப்படாமல் எடுங்கள்.