காகம் வராத திவசம்

மற்றவர்களின் கடிதங்களை வாசிப்பது என் வேலையிடத்தில் குற்றமில்லை. லண்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலுக்கு நிற்கிறேன். என் கூடத்தில் இருப்பவை எகிப்திலிருந்து வந்த ஓட்டுத் துண்டுகள். அரசர்களுக்குக் கல்லறை வெட்டிய தொழிலாளிகள் டெய்ர் எல் மதீனா என்ற ஊரிலிருந்து அவற்றின் மேல் எழுதிய கடிதங்கள். கழுதைச் சண்டை, மீன் வராத கோபம், எல்லாம் இருக்கும். இறந்தவர்களுக்கும் எழுதுவார்களாம். மூவாயிரம் வருடம் கழித்து அவற்றைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். எழுதியவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

இதைச் சாப்பாட்டு மேசையில் சிவரூபினி அண்ணியிடம் சொன்னது நான்தான். அண்ணை செத்து ஆறு வருடம். நோர்பரியில் அவருடைய வீட்டின் மாடி அறையில் இருக்கிறேன். அண்ணி சமைத்தால் நண்டுகூட மோட்சத்துக்குப் போகும்.

அண்ணையின் போன வருடத் திவசத்தில், படையல் இலைக்கு அடியில் அண்ணியின் கையெழுத்தில் ஒரு தாள் தெரிந்தது. எழுதி அரை மணிநேரம்கூட ஆகியிராது. பழக்கதோஷத்தில் வாசித்தேன்.

"இஞ்சருங்கோ, பிளேஸ்டோவிலை இருக்கிற புவனேந்திரன் என்னைக் கட்டக் கேக்கிறார். நல்ல மனுசன். எனக்கும் விருப்பம். தனிய இருந்து அலுத்துப்போச்சு. நீங்கள் ஓம் எண்டால் காகம் வந்து சோத்தை எடுக்கட்டும். எடுக்காட்டில் ஏலாதெண்டு சொல்லிப்போடுவன்."

தனியவாம். மாடியில் நான் ஒருவன் இருக்கிறேன்.

படைத்த சோற்றை நானே பின்வளவுக்குக் கொண்டுபோனேன். "நீங்கள் உள்ளுக்கை தேவாரம் படியுங்கோ அண்ணி, காகத்தை நான் பாக்கிறன்" என்றேன். வைத்துக் கையெடுக்குமுன் மூன்று காகங்கள் வந்துவிட்டன. லண்டன் காகங்களுக்கு வெட்கம் கிடையாது. துவாயை உதறினேன். போய்த் திரும்பி வந்தன. ஒரு கிழக்காகம் நடந்தே வந்தது, அதற்குச் செருப்பால் எறிந்தேன். இருபது நிமிடம் பொறுப்போடு நின்றேன்.

"ஒண்டுமே வரேல்லையோ தம்பி?"

"இல்லை அண்ணி."

படியில் இருந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புவனேந்திரனுக்குப் போன் எடுத்தார். எனக்கும் கவலைதான். அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மாதத்தில் அந்த மனிதர் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். அண்ணி இப்போது அதிகம் பேசுவதில்லை, பாட்டுக் கேட்பதுமில்லை. ஆனால் கறியில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. அதை வைத்துத்தான் அவர் நிம்மதியாக இருக்கிறார் என்கிறேன்.

என் நலத்துக்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது. அண்ணையின் சொல்லை நான் ஒருநாளும் தட்டியதில்லை. அவர் தங்கமான மனிதர், கட்டாயம் ஓம் என்றுதான் சொல்லியிருப்பார். அதனால்தான் அவரைச் சொல்ல விடவில்லை.