நட்சத்திரத்தின் பின்பக்கம்

காபிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் அம்மா. காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி இல்லை, அடியில் வண்டல் ஒழுங்காகப் படிந்திருந்தது. நீங்கள் கொடுத்த தாள்தான் கொஞ்சம் மட்டம், மை ஊறுகிறது. பரவாயில்லை. முப்பது வருடமாகப் பதக்கங்களுக்குக் குறிப்புச் சீட்டு எழுதிய கை இது, எந்தத் தாளிலும் எழுதும்.

என் பெயர் வோயின். வயது அறுபத்தொன்று. பதக்கங்களை அடையாளம் காண்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கலெமெக்தான் கோட்டைப் பூங்காவில் வியாபாரிகள் துணி விரித்து, பழைய யூகோஸ்லாவியப் பதக்கங்களையும் சோவியத் பதக்கங்களையும் பரப்பி வைப்பார்களே, அங்கே எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி உண்டு. சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டேன், கையில் வாங்கியதும் திருப்பிவிடுவேன். செஞ்சாயமும் தங்கப் பூச்சும் எந்தத் தட்டானும் செய்துவிடலாம். பின்பக்கத்துத் திருகு, அச்சடித்த நாணயச் சாலையின் பெயர், கையால் தட்டிய எண், இந்த மூன்றும் பொய் சொல்லாது. நீதிமன்றத்தின் நிபுணர் பட்டியலிலும் பதக்கம் என்ற தலைப்பின் கீழே என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாஜிகளை எதிர்த்துக் காட்டிலும் மலையிலும் நின்று சண்டையிட்ட நம் பார்ட்டிசான்களுக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் முதல் வகுப்பு நட்சத்திரங்களின் முதல் வரிசை மாஸ்கோ நாணயச் சாலையில் அடித்து வந்தது. அப்புறம் வந்தவை எல்லாம் ஸாக்ரெப் சரக்கு. முன்னால் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பின்னால் திருப்பினால்தான் எது எது என்று தெரியும். மாஸ்கோவிலிருந்து வந்த முதல் நூறு நட்சத்திரங்களும் யார் யாரிடம் போயின என்று நான் பத்தொன்பது வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். தொண்ணூற்றொன்பது வரிகள் நிரம்பிவிட்டன. அறுபத்துமூன்றாம் எண்ணுக்கு நேரே மட்டும் வெற்றிடம். வாயில் ஒரு பல் போனால் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருக்குமே, அப்படித்தான் என் பத்தொன்பது வருடமும் போனது.

எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கர்னல் ஓப்ராத் இருந்தார். எண்பத்துமூன்று வயது, மாண்டினீக்ரோ மலைக்காரர், மனைவி இல்லை. மகள் ஸகோர்க்கா லுப்லியானாவில் இருந்தாள். கர்னலின் கோட்டில் அந்த நட்சத்திரம் இருந்தது. வீட்டில் சூப் குடிக்கும்போதும் அந்தக் கோட்டோடுதான் உட்காருவார். எனக்கு வேண்டியதெல்லாம் அதைக் கழற்றி ஒரு தரம் திருப்பிப் பார்ப்பது. பதக்கத்தை நான் கேட்கவில்லை. திருடும் புத்தி எனக்குக் கிடையாது, அதை நீங்கள் தனியாக ஒரு வரியாகக் குறித்துக்கொண்டால் நல்லது.

பதினொரு வருடம் கேட்டேன். அவருக்கு அது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. ரக்கியாச் சாராயத்தை ஊற்றி எனக்கு முன்னால் வைப்பார், மார்பை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார்.

"என்னடா வோயின், பாத்துட்டியா?"

"முன்பக்கம் பார்த்தாச்சு, தோழர் கர்னல். பின்பக்கம்தான் பாக்கி."

"கல்யாணமான அன்னிக்கே எம் பொண்டாட்டி கேட்டா, கழட்ட மாட்டேன்னுட்டேன். நீ அவளவிட அழகா?"

"ஒரு நிமிஷம் போதும்."

"செத்தப்பறம் பாத்துக்க. அப்ப எனக்குக் கூச்சம் இருக்காது."

ஒரு நாள் மதியம் அவர் நாற்காலியில் உறங்கிவிட்டார். கோட்டின் உள்ளே கையை விட்டுத் திருகின் மூடியை மெல்லச் சுழற்றினேன். ஒரு சுற்று வந்தது. கண்ணைத் திறக்காமலே கர்னல் சொன்னார்: "இன்னும் நாலு சுத்து இருக்குடா. கை சில்லுன்னு இருக்கு, போய் அடுப்புல காட்டிட்டு வா." அந்த ஆள் தூங்கவே மாட்டார் போலிருக்கிறது. அன்று எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. செத்தப்பறம் பாத்துக்க என்று அவரே அனுமதி கொடுத்திருப்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நான் அவசரக்காரன் இல்லை. எண்பத்துமூன்று வயதுக்காரர், இன்றோ நாளையோ என்று காத்திருந்தேன். மனிதர் கருங்கல்லாக இருந்தார். எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு வந்தது.

ஆகவே மார்ச் இருபதாம் தேதி, கொஷாவாக் குளிர்காற்று ஊளையிட்டு அடித்த நாள், மதியம் இரண்டு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். மகள் என்னிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தாள். கர்னல் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். இதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்: ஈரத் தலை. நான் கூடத்துச் சன்னலைத் திறந்தேன். எதிரே சமையலறைச் சன்னலைத் திறந்தேன். நடுக்கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு செருப்பைச் செருகினேன். இரண்டு சன்னலுக்கும் நடுவில் கர்னலின் பிடரி. ஈரத் தலையில் படும் குறுக்குக் காற்று ஆளையே கொன்றுவிடும் என்று நம் ஊரில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் தொப்பியும் கழுத்துத் துணியும் போட்டுக்கொண்டு வெளி வராந்தாவில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பிறகு கூடத்துச் சன்னலைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். சமையலறைச் சன்னலை மறந்துவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும்.

நாலாம் நாள் கர்னல் போய்விட்டார். நான் சாவியோடு ஏறிப் போவதற்குள் வீடு ஆட்களால் நிறைந்துவிட்டது, கோட்டில் கை வைக்க முடியவில்லை. வந்த டாக்டர் சின்னப் பையன், இதயம் என்று எழுதிவிட்டுப் போனான். வெளிநாட்டில் படித்தவர்களுக்குக் குறுக்குக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது. எதிர் வீட்டு லெபொசாவா அம்மா தினமும் காலையில் கர்னலுக்குச் சமைத்துவிட்டு, வீட்டுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சன்னலைத் திறந்து சாத்திவிட்டுப் போவார். சமையலறைச் சன்னல் திறந்து கிடந்ததைக் கட்டடமே பார்த்தது. பழி அவர் தலையில் விடிந்தது.

"கொஷாவா அடிக்குற நாள்ல எவளாவது சன்னலத் தொறந்து போடுவாளா?" என்று முதல் மாடிக்காரி படிக்கட்டில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"சாத்தினேன்னுதான் நெனைக்கிறேன்," என்றார் லெபொசாவா அம்மா.

"நெனைச்சா ஆச்சா? மனுசன் போயிட்டாரே."

கர்னல் கடவுளை நம்பாதவர். லெபொசாவா அம்மா இருவருக்கும் சேர்த்து நம்பினார். நாற்பதாம் நாள் கோதுமையை வேகவைத்து, சர்க்கரை தூவி, வீடு வீடாக எடுத்துப் போனார். ஒருவர்கூட ஒரு கரண்டி எடுக்கவில்லை. நான் எடுத்தேன், இரண்டு கரண்டி. அவர் அழுதுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன். நிரபராதி ஒருத்தி தினம் தினம் வேகும்போது நான் எப்படி நிம்மதியாக உறங்குவது?

முதல் தாளை இதோடு முடித்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் படித்துவிட்டுச் சிரித்தீர்கள். "ஐயா, காத்தையெல்லாம் கைது பண்ண முடியாது. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க," என்றீர்கள். சிரித்துக்கொண்டே எழுந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த சன்னலைச் சாத்தியதையும் பார்த்தேன். இன்னொரு தாள் மட்டும் கேட்டேன்.

சட்டத்துக்குக் காற்று போதாது என்றால் மாத்திரையைச் சொல்கிறேன். சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

கர்னலின் இதய மாத்திரைகளை மருந்துக்கடையிலிருந்து வாங்கி வருபவன் நான்தான். சின்னது, வெள்ளை, நடுவில் ஒரு கோடு. காபியில் போடும் செயற்கை இனிப்பு வில்லையும் ஏறக்குறைய அதே அளவு, கோடு மட்டும் இருக்காது. தட்டான் அரத்தை வைத்து ஒவ்வொன்றிலும் கோடு போட்டேன். பின்பக்கத்தையும் விடவில்லை, அந்தப் பழக்கம் போகாது. புத்தாண்டிலிருந்து மார்ச் இருபது வரை தினம் ஒன்று, மொத்தம் எழுபத்தொன்பது. அதன் பிறகும் மூன்று. அசல் மாத்திரைகள் எண்பத்திரண்டும் தேதிச் சீட்டோடு என் இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. நான் எதையும் தூக்கி எறிபவன் இல்லை.

பிப்ரவரியில் ஒருநாள் கர்னல் மாத்திரையை நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இப்பல்லாம் மருந்து இனிக்குதுடா."

"வயசானா எல்லாம் இனிக்கும், தோழர் கர்னல்."

"நீ மட்டும் ஏன்டா கசக்குற?" என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் நல்ல நண்பர்கள்.

மாத்திரை வெறும் முன்னேற்பாடு என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவரைக் கொண்டுபோனது காற்றுதான். மாத்திரை அந்தக் காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஆனால் உங்கள் சட்டத்துக்கு எது பிடிக்கிறதோ அதையே தலைப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். கர்னல் ஓப்ராத்தை நான்தான் கொன்றேன்.

இன்னும் ஒன்று. அடக்கத்தன்று இறந்தவரின் பதக்கங்களைச் சிவப்பு வெல்வெட் மெத்தையில் குத்தி, சவப்பெட்டிக்கு முன்னால் ஒருவர் ஏந்திப் போவது வழக்கம். சிற்றாலயத்திலிருந்து குழி வரை முந்நூறு அடி. ஒரு கட்டைவிரல் போதும், நடந்துகொண்டே திருப்பிவிடலாம். கர்னலே கடிதம் எழுதி வைத்திருந்தார்: மெத்தையை வோயின்தான் ஏந்த வேண்டும். அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. மெத்தை கைக்கு வந்தது. ஆறு பதக்கங்கள் வரிசையாக இருந்தன. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டுப் பொத்தானைத் தைத்து வைத்திருந்தார்கள். நட்சத்திரம் என் மார்பிலேயே இருக்கட்டும், பெட்டியை மூடிவிடுங்கள் என்பது கடிதத்தின் அடுத்த வரியாம். ராணுவ வாத்தியம் வாசிக்க, இருநூறு பேர் பார்க்க, நான் நடந்தேன். பாதி வழியில் பொறுக்காமல் அந்தப் பொத்தானைத் திருப்பிப் பார்த்தேன். இந்தப் பக்கம் நாலு ஓட்டை, அந்தப் பக்கமும் அதே நாலு ஓட்டை.

கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நட்சத்திரம் ஆறடிக்குக் கீழே, முகம் மேலே பார்க்க, முதுகை அவர் மார்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்தேன். சொத்துக் காரியத்துக்காகவோ ஆர்வத்துக்காகவோ கல்லறையைத் திறக்க மாட்டார்களாம். கொலை என்றால் திறப்பார்களாம். உடலைச் சோதிக்க வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் பொருள்களையெல்லாம் முன்னும் பின்னும் விவரமாக எழுத வேண்டும், புரியாத பொருளுக்குப் பட்டியலில் இருக்கும் நிபுணரை அழைக்க வேண்டும். பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று முதல் தாளிலேயே எழுதியிருக்கிறேன்.

நான் வந்தது லெபொசாவா அம்மாவுக்காகத்தான். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அந்த அம்மாளிடம் நாளைக்கே யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள். மறந்தால் அடுத்த வாரம் சொன்னாலும் போதும். ஆனால் நீதிபதியின் உத்தரவுக்கு இன்றைக்கே எழுதுங்கள். வெயில் ஏறுகிறது, மண் ஈரம் உலோகத்துக்கு ஆகாது. தோண்டுகிறவர்கள் நட்சத்திரத்தை நனைந்த துணியால் தேய்க்கக் கூடாது. திருகு மொத்தம் ஐந்து சுற்று, இடது பக்கமாகச் சுழற்ற வேண்டும்.

பின்னால் அறுபத்துமூன்று என்று இருந்தால் என் நோட்டு முடிந்துவிடும், நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். இல்லையென்றால் அந்த எண் பாஞ்சேவோவில் ஓய்வு பெற்ற ஒரு மேஜரிடம் இருக்க வாய்ப்புண்டு. அவரும் தனியாகத்தான் இருக்கிறார். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கல்லறைக்கு என்னை விலங்கு போட்டுத்தான் அழைத்துப் போவீர்கள், அதுதான் முறை. இடது கையில் மட்டும் போடுங்கள். வலது கையில் நான் பூதக்கண்ணாடி பிடிக்க வேண்டும்.